வாண்டல்களும் ரோமைச் சூறையாடிய 14 நாட்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாரோ பேருந்துக் கண்ணாடியை உடைத்தாலும், பூங்காச் சிலையின் மூக்கைப் பெயர்த்தாலும் ஆங்கில நாளிதழ்கள் அதை ‘வாண்டலிசம்’ என்று எழுதுகின்றன. ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன்பே வரலாற்றிலிருந்து மறைந்துபோன ஒரு கூட்டத்தின் பெயர் அது. கி.பி. 455இல் ரோம் நகரைக் கொள்ளையடித்தவர்கள் அவர்கள். கொள்ளையடித்தது உண்மைதான். ஆனால் அந்தக் கெட்ட பெயர் முழுவதும் அவர்களுக்கே உரியதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வாண்டல்கள் யார்?

ஜெர்மானிய மொழி பேசிய ஓர் இனக்குழு. இன்றைய போலந்து, ஹங்கேரி பக்கங்களில் இருந்தவர்கள். ஹஸ்டிங்கர், சிலிங்கர் என்று இரண்டு பெரிய பிரிவுகள். கி.பி. 406இன் கடைசி நாளில், ஆலன், சூவி என்ற வேறு இரண்டு கூட்டங்களோடு சேர்ந்து ரைன் நதியைக் கடந்து ரோமப் பேரரசுக்குள் நுழைந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. கிழக்கே ஹூணர்களின் நெருக்கடி ஒரு பக்கம். இத்தாலியைக் காப்பாற்ற ரைன் எல்லையிலிருந்து படைகளை ரோம் திருப்பி அழைத்துக்கொண்டது மறுபக்கம். ஆளில்லாத கதவைத் தட்ட வேண்டிய அவசியம் இல்லை, தள்ளினாலே போதும்.

பெயரை ‘வேண்டல்’ என்று எழுதக் கூடாதா?

எழுதலாம், தப்பில்லை. தமிழில் ‘வேண்டல்’ என்றால் இறைஞ்சுதல் என்று பொருள் வந்து தொலைக்கிறது, அதனால்தான் ‘வாண்டல்’ என்று எழுதுகிறேன். வீட்டில் அட்டகாசம் செய்யும் சிறுசுகளை ‘வாண்டு’ என்கிறோமே, அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா என்றும் சிலர் கேட்பதுண்டு. இல்லை. பொருத்தம் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

போலந்துப் பக்கத்து ஆட்கள் ஆப்பிரிக்காவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள்?

அடி வாங்கி வாங்கித்தான். மூன்று வருடம் ‘கால்’ (Gaul, இன்றைய பிரான்ஸ்) என்ற நாட்டில் சுற்றிவிட்டு, 409இல் பிரனீஸ் மலையைத் தாண்டி ஸ்பெயினுக்குள் போனார்கள். அங்கே மாகாணங்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நிம்மதி நிலைக்கவில்லை. 416 முதல் 418 வரை ரோம் தன் பக்கம் சேர்த்துக்கொண்ட விசிகோத் என்ற இன்னொரு ஜெர்மானியக் கூட்டத்தின் படை வந்து சிலிங்கர்களை அடியோடு நொறுக்கியது. ஆலன்களின் அரசனும் போரில் செத்தான். மிஞ்சிய ஆலன்கள் ஹஸ்டிங்கர்களோடு ஒட்டிக்கொண்டார்கள். பின்னால் அந்த அரசர்கள் ‘வாண்டல்களுக்கும் ஆலன்களுக்கும் அரசன்’ என்று பட்டம் போட்டுக்கொண்டது இதனால்தான். நாம் வாண்டல்கள் என்று ஒரே பெயரில் சொல்வது, தோற்றுப்போன பல கூட்டங்களின் மிச்சம் ஒன்றுசேர்ந்த ஒரு கலவை.

428இல் கெய்செரிக் அரசனானான். இந்தக் கதையின் நாயகனும் வில்லனும் அவனே. நடுத்தர உயரம், குதிரையிலிருந்து விழுந்ததில் ஒரு கால் ஊனம், பேச்சு குறைவு, யோசனை அதிகம். அடுத்த ஆண்டே மொத்தக் கூட்டத்தையும் கப்பலேற்றி ஜிப்ரால்டர் நீரிணைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனான். கிழவர், குழந்தை, அடிமை எல்லாம் சேர்த்து 80,000 பேர் என்று அந்தக் காலத்துப் பாதிரியார் ஒருவர் எழுதிவைத்தார். எண்ணிக்கையைப் பெரிதாகக் காட்டிப் பயமுறுத்த கெய்செரிக்கே அப்படி எண்ணச் சொன்னான் என்றும் அவரே சேர்த்துக்கொள்கிறார்.

புனித அகுஸ்தீன் வாண்டல்கள் கையில் இறந்தாரா?

கிறிஸ்தவச் சிந்தனையாளரான இந்த ஆயரை அவர்கள் கொல்லவில்லை. ஹிப்போ ரீஜியஸ் (இன்று அல்ஜீரியாவின் அன்னாபா) நகரை வாண்டல்கள் முற்றுகையிட்டிருந்தபோது, நகருக்குள் காய்ச்சலில் படுத்து 430 ஆகஸ்ட் 28 அன்று இறந்தார். வயது 75. முற்றுகை அதற்குப் பிறகும் தொடர்ந்து, மொத்தம் பதினான்கு மாதம் இழுத்தது.

கார்த்தேஜைப் பிடித்தது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

என்னைக் கேட்டால், ரோமுக்கு விழுந்த உண்மையான அடி 455இல் இல்லை, 439இல்தான். அந்த ஆண்டு அக்டோபர் 19 அன்று, சமாதான ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே, கெய்செரிக் கார்த்தேஜுக்குள் புகுந்தான்.

இன்றைய துனிசியாவும் அதன் அக்கம்பக்கமும்தான் அன்று மேற்குப் பேரரசின் களஞ்சியம். ரோம் நகரத்து மக்களுக்கு இனாமாகப் பங்கிடப்பட்ட தானியமும் எண்ணெயும் அங்கிருந்துதான் கப்பலில் வந்தன. பேரரசின் வரி வருமானத்திலும் பெரிய பங்கு அங்கிருந்தே. வரி போனால் படைக்குச் சம்பளம் இல்லை. படை இல்லாவிட்டால் மற்ற மாகாணங்களும் கைவிட்டுப் போகும். சோற்றுப்பானையையே தூக்கிக்கொண்டு போனவன், பிறகு ஒரு நாள் வந்து வீட்டில் இருந்த நகையையும் எடுத்துக்கொண்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகம் நகைத் திருட்டை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது.

கார்த்தேஜோடு அதன் துறைமுகமும் கப்பல்களும் மாலுமிகளும் சேர்ந்து கிடைத்தன. குதிரை மேல் வந்த கூட்டம் ஒரே தலைமுறையில் கடற்படையாக மாறியது. அடுத்த ஆண்டே சிசிலியைத் தாக்கினார்கள். ‘எந்தத் திசைக்கு ஓட்டட்டும்?’ என்று கேட்ட மாலுமியிடம், ‘கடவுளின் கோபத்துக்கு ஆளானவர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்களோ, அந்தப் பக்கம்’ என்று கெய்செரிக் சொன்னதாக ஒரு கதையை ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதிவைத்திருக்கிறார். நடந்ததோ இல்லையோ, ஆளுக்குப் பொருந்துகிறது.

சரி, 455இல் ரோமுக்கு ஏன் வந்தான்?

ஒரு கல்யாணம் முறிந்ததால்.

கார்த்தேஜ் போன பிறகு 442இல் ரோமும் கெய்செரிக்கும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஒட்டி, பேரரசன் மூன்றாம் வலென்டினியனின் மகள் யூடோசியாவைக் கெய்செரிக்கின் மகன் ஹூனெரிக்குக்குக் கொடுப்பதாக நிச்சயம் ஆயிற்று. ஹூனெரிக்குக்கு அதற்கு முன்பே விசிகோத் அரசன் மகளோடு கல்யாணம் ஆகியிருந்தது. தனக்கு விஷம் வைக்கப் பார்த்தாள் என்று பழி சுமத்தி, அந்தப் பெண்ணின் மூக்கையும் காதுகளையும் அறுத்து அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டான் கெய்செரிக். இவனுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாராவது நினைத்தால், இந்தச் செய்தியை மறக்க வேண்டாம்.

454இல் வலென்டினியன் தன் தளபதி ஏட்டியஸைத் தன் கையாலேயே வெட்டிக் கொன்றான். 455 மார்ச்சில் ஏட்டியஸின் ஆட்கள் வலென்டினியனைக் கொன்றார்கள். பெட்ரோனியஸ் மாக்சிமஸ் என்ற செல்வந்தன் அரியணையில் ஏறி, கையோடு கையாக இறந்த அரசனின் மனைவி லிசினியா யூடோக்சியாவைக் கட்டாயமாக மணந்துகொண்டான். ஹூனெரிக்குக்கு நிச்சயித்த யூடோசியாவைத் தன் மகனுக்குக் கட்டிவைத்தான். கெய்செரிக்குக்கு இதைவிட நல்ல சாக்கு வேண்டுமா? ஒப்பந்தம் செத்தவனோடு செய்தது, மருமகளாக வரவேண்டியவள் வேறு வீட்டில். கப்பல்களைக் கிளப்பினான். விதவை அரசியே ரகசியமாகத் தூது விட்டுக் கூப்பிட்டாள் என்ற பேச்சும் அந்தக் காலத்திலேயே இருந்தது. அது அரண்மனை வதந்தியாகவும் இருக்கலாம்.

வாண்டல் கப்பல்கள் வருகின்றன என்றதும் மாக்சிமஸ் ஓடப்பார்த்தான். மே 31 அன்று ரோமின் ஜனங்களே அவனைக் கொன்று, உடலைத் துண்டாக்கி டைபர் ஆற்றில் எறிந்தார்கள். இரண்டரை மாத ஆட்சி.

போப் லியோ உண்மையிலேயே கெய்செரிக்கைத் தடுத்தாரா?

தடுக்கவில்லை, பேரம் பேசினார். 452இல் ஹூண அரசன் அட்டிலாவை வடக்கு இத்தாலியில் சந்தித்த அதே லியோதான். இந்த முறை நகர வாயிலில் போய் நின்று, தீ வைக்க வேண்டாம், வெட்ட வேண்டாம், சித்திரவதை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எதிர்த்து நிற்க நகருக்குள் படை இல்லை. பொருளை எடுத்துக்கொள், உயிரையும் கட்டடத்தையும் விட்டுவிடு என்பதுதான் சாரம். பெரும்பாலும் அப்படித்தான் நடந்ததாகத் தெரிகிறது.

14 நாட்கள் என்னதான் செய்தார்கள்?

ஜூன் 2 அன்று உள்ளே வந்தார்கள். அவசரப்படவே இல்லை. அந்தக் காலத்து வரலாற்றுக் குறிப்பு ஒன்று, யாரும் தடுக்காமல் நிதானமாகத் தேடித் தேடி எடுத்தார்கள் என்ற பொருளில் பேசுகிறது. வெறி பிடித்த கும்பல் என்பதைவிட, ஜப்தி செய்ய வந்த அதிகாரிகளின் படைதான் கண்முன் வருகிறது. அரண்மனையில் இருந்த பொன், வெள்ளி, அரச சின்னங்கள், செம்புப் பாத்திரங்கள் வரை மூட்டை கட்டினார்கள். கேபிடோலின் குன்றில் இருந்த ஜூபிடர் கோயிலின் கூரை, தங்க முலாம் பூசிய வெண்கலத் தகடுகளால் ஆனது. அதில் பாதியைக் கழற்றிக்கொண்டார்கள். ஏன் பாதி மட்டும்? கப்பலில் இடம் தீர்ந்ததோ, நாள் தீர்ந்ததோ! சிலைகளை ஏற்றிய ஒரு கப்பல் மட்டும் வழியில் மூழ்கியது. மற்றவை எல்லாம் பத்திரமாகக் கார்த்தேஜ் சேர்ந்தன. மத்தியதரைக் கடலின் அடியில் இன்னும் அந்தச் சிலைகள் கிடக்கலாம் என்று நினைக்கும்போது முக்குளிக்கத் தெரியாத எனக்கே ஆசையாக இருக்கிறது.

பொருளைவிட மோசமானது மனிதர்கள். அரசி யூடோக்சியாவும் இரண்டு மகள்களும் சிறைப்பட்டார்கள். அவர்களோடு கைத்தொழில் தெரிந்தவர்களும் சாதாரண ஜனங்களும் ஆயிரக்கணக்கில். கார்த்தேஜில் இறக்கியதும் வாண்டல்களும், அவர்களோடு வந்த வட ஆப்பிரிக்க மூர் வீரர்களும் கைதிகளைப் பங்கு போட்டார்கள். கணவன் ஒருவன் பங்கில், மனைவி வேறொருவன் பங்கில், பிள்ளைகள் இன்னொரு பக்கம். கார்த்தேஜின் ஆயர் டியோகிராசியாஸ், தேவாலயத்தின் பொன் வெள்ளிப் பாத்திரங்களை விற்று, முடிந்தவரை குடும்பங்களை மீட்டார். மீட்டவர்களைத் தங்கவைக்க இடம் இல்லை என்று இரண்டு பெரிய தேவாலயங்களில் கட்டிலும் வைக்கோலும் போட்டுக்கொடுத்து, வயதான காலத்தில் இரவிலும் நோயாளிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

தீ வைக்கவில்லை, கொன்று குவிக்கவில்லை என்று சொல்லும்போது இந்த வைக்கோல் படுக்கைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

யூடோசியா என்ன ஆனாள்?

ஹூனெரிக்குக்கே கட்டிவைத்தார்கள். மகன் பிறந்தான். ஏறக்குறைய 16 வருடம் கழித்துத் தப்பி எருசலேமுக்குப் போய் அங்கேயே இறந்தாள். தாயையும் தங்கை பிளாசிடியாவையும் அதற்கு முன்பே கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தக் குடும்பத்துக்கு இது இரண்டாம் முறை: யூடோசியாவின் பாட்டி காலா பிளாசிடியாவை 410இல் விசிகோத்துகள் ரோமிலிருந்து கொண்டுபோயிருந்தார்கள்.

410இல் நடந்ததும் இதுவும் ஒன்றா?

வேறு. 410 ஆகஸ்ட் 24 அன்று அலாரிக்கின் விசிகோத்துகள் நுழைந்தார்கள், மூன்றே நாள். சில கட்டடங்கள் எரிந்தன. ஏறக்குறைய 800 வருடமாக அந்நியப் படை நுழையாத நகரம் என்பதால் அதிர்ச்சி மிகப் பெரியது. 455இல் நாட்கள் அதிகம், சுருட்டியது அதிகம், அதிர்ச்சி குறைவு. பழகிவிட்டது போலும்.

410க்கு முன்னால் நடந்த பேரம் ஒன்று நமக்குச் சுவையானது. 408இல் முற்றுகையை விலக்க அலாரிக் கேட்டு வாங்கிய கப்பம்: 5,000 ராத்தல் பொன், 30,000 ராத்தல் வெள்ளி, 4,000 பட்டு உடைகள், 3,000 செஞ்சாயத் தோல்கள், 3,000 ராத்தல் மிளகு. ரோம ராத்தல் நம் கணக்கில் மூன்றில் ஒரு கிலோ. எனவே மிளகு மட்டும் ஏறக்குறைய ஒரு டன். மிளகுக்கு ஊர் சேர நாட்டுக் கடற்கரை. யவனர் கலங்கள் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ முசிறி என்று அகநானூறு சொல்வது இந்தச் சரக்கைத்தான். அந்தப் பாட்டுக்கும் அலாரிக்குக்கும் இடையில் சில நூற்றாண்டுகள், பல கை மாறிய வியாபாரம். ஆனாலும் நம் மலைச்சரிவில் கொடியில் காய்த்தது, ரோமின் உயிருக்கு விலையாகத் தராசில் ஏறியிருக்கிறது.

எருசலேம் கோயில் புதையல் வாண்டல்களிடம் இருந்தது என்பது உண்மையா?

புரோகோபியஸ் அப்படித்தான் எழுதுகிறார். 533இல் வாண்டல்களை அடக்கப் புறப்பட்ட கிழக்கு ரோமத் தளபதி பெலிசாரியஸோடு ஆப்பிரிக்காவுக்கே போன ஆள் அவர் என்பதால் காது கொடுத்துக் கேட்கலாம்.

கி.பி. 70இல் ரோமத் தளபதி டைட்டஸ் எருசலேம் கோயிலை எரித்து, ஏழு கிளைப் பொன் விளக்கு உட்பட அதன் பொருட்களை ரோமுக்குக் கொண்டுவந்தான். ரோமில் டைட்டஸ் வளைவில் அந்த ஊர்வலத்தை இன்றும் கல்லில் பார்க்கலாம். 455இல் கெய்செரிக் அந்தப் ‘யூதர்களின் பொருட்களை’க் கார்த்தேஜுக்குக் கொண்டுபோனான். விளக்கு அதில் இருந்ததா என்று புரோகோபியஸ் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. விளக்கைப் பின்னால் வந்த எழுத்தாளர்கள் கதையில் ஏற்றிக்கொண்டார்கள். 534இல் பெலிசாரியஸ் அவற்றைக் கான்ஸ்டான்டிநோபிளில் வெற்றி ஊர்வலம் விட்டார். வேடிக்கை பார்த்த ஒரு யூதர், ‘இதை அரண்மனையில் வைக்காதீர்கள். இது இருந்ததால்தான் ரோம அரண்மனை கெய்செரிக் கையில் விழுந்தது, இது இருந்ததால்தான் வாண்டல் அரண்மனை உங்கள் கையில் விழுந்தது’ என்றாராம். பேரரசன் ஜஸ்டினியன் பயந்துபோய் எருசலேம் தேவாலயங்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு தடயம் இல்லை.

அப்படியானால் ரோமின் கட்டடங்களை இடித்தது யார்?

பெரும்பாலும் ரோம்காரர்களே. 455க்கு மூன்றே வருடம் கழித்து, 458இல், பேரரசன் மஜோரியன் ஒரு சட்டம் போட்டான்: பழைய பொதுக் கட்டடங்களைப் பெயர்த்துச் சொந்த வீடு கட்டக் கூடாது, அனுமதி கொடுக்கும் அதிகாரிக்கு 50 ராத்தல் பொன் அபராதம், உடந்தையாக இருக்கும் கீழ்நிலை ஊழியருக்குக் கசையடி, கை வெட்டு. தண்டனையின் கடுமையைப் பார்த்தாலே வேலை எவ்வளவு மும்முரமாக நடந்திருக்கும் என்று புரியும். பின்னால் பளிங்குச் சிலைகள் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போயின. பாந்தியன் என்ற பழைய ரோமக் கோயிலின் கூரையிலிருந்த வெண்கலத் தகடுகளை 663இல் உரித்துக்கொண்டு போனவன், சொந்தப் பேரரசன் இரண்டாம் கான்ஸ்டன்ஸ். முகப்பு மண்டபத்தில் மிஞ்சிய வெண்கலத்தை 17ஆம் நூற்றாண்டில் போப் எட்டாம் அர்பன் உருக்கினார். அவருடைய குடும்பப் பெயர் பார்பெரினி. ‘பார்பேரியர்கள் செய்யாததைப் பார்பெரினிகள் செய்தார்கள்’ என்று ஊரே கேலி பேசியது.

ரோமர்கள் மற்ற ஊர்களைச் சூறையாடவில்லையா?

இதே கார்த்தேஜைத்தான். கி.மு. 146இல், மூன்று ஆண்டு முற்றுகைக்குப் பிறகு, சிப்பியோ ஏமிலியானஸ் அந்த நகரை எரித்துத் தரைமட்டமாக்கினான். மிஞ்சிய ஏறக்குறைய 50,000 பேரை அடிமைகளாக விற்றார்கள். அதே ஆண்டு கிரேக்கத்தின் கொரிந்துக்கும் அதே கதி. ‘ரோமனிசம்’ என்று ஒரு வசைச்சொல் ஏன் பிறக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள்.

கார்த்தேஜ் மண்ணில் உப்பைத் தூவி உழுதார்கள் என்ற கதையை மட்டும் நம்ப வேண்டாம். பழைய நூல் எதிலும் அது இல்லை, பிற்காலத்தில் ஒட்டவைத்தது.

பிறகு ஏன் வாண்டல்களுக்கு மட்டும் இவ்வளவு கெட்ட பெயர்?

எழுதியவர்கள் அவர்களுடைய எதிரிகள் என்பது முதல் காரணம். வாண்டல்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் ஆரியுஸ் என்ற பாதிரியாரின் கொள்கை வழி வந்தவர்கள். (ஆரிய இனம் என்று நாம் பேசுவதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.) மற்றச் சபையினருக்கு அவர்கள் மதத்துரோகிகள். ஹூனெரிக் அரசனானதும் எதிர்ச்சபை ஆயர்களை நாடு கடத்தினான். குருமாரையும் அவர்களைச் சேர்ந்தவர்களையுமாக ஐயாயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்களைப் பாலைவனத்துக்கு விரட்டினான். அடி வாங்கியவர்கள் எழுதினார்கள். வாண்டல்கள் தங்கள் தரப்பில் வரலாறு எழுதி வைக்கவில்லை.

இரண்டாவது காரணம் பிரெஞ்சுப் புரட்சி. தேவாலயங்களையும் அரச நினைவுச்சின்னங்களையும் ஜனங்கள் உடைத்துக்கொண்டிருந்த 1794இல், ஆயர் கிரெகுவார் அதைக் கண்டித்து மன்றத்தில் அறிக்கை வைத்தார். அதில் பயன்படுத்திய சொல்தான் ‘வாண்டலிசம்’. அந்தச் செயலைக் கொல்வதற்காகவே அந்தச் சொல்லை உருவாக்கினேன் என்று பின்னால் எழுதினார். செயல் சாகவில்லை, சொல் பிழைத்துக்கொண்டது. வாண்டல்களுக்கு முன்பே ரோமைக் கொள்ளையடித்த கோத்துகளுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? ஐரோப்பியப் பேராலயங்களின் ‘கோதிக்’ கட்டடக்கலைப் பெயர். அதுவும் வசையாகத்தான் தொடங்கியது. ஆனால் இன்று புகழ்.

ரோம் திருப்பி அடிக்கவே இல்லையா?

இரண்டு முறை முயன்று தோற்றது. மஜோரியன் ஸ்பெயினில் திரட்டிய கப்பல்களைக் கெய்செரிக் முந்திக்கொண்டு அழித்தான். 468இல் கிழக்கும் மேற்கும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்களை அனுப்பின. தளபதி பசிலிஸ்கஸ், கெய்செரிக் கேட்ட ஐந்து நாள் அவகாசத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். ஐந்து நாளில் காற்று திசை மாறியது. தீ வைத்த வெறுங்கப்பல்களை வாண்டல்கள் அந்தக் காற்றில் அவிழ்த்துவிட்டார்கள். கான்ஸ்டான்டிநோபிளின் கஜானா பல வருடம் எழுந்திருக்கவில்லை. கெய்செரிக் 477இல் படுக்கையில் நிம்மதியாகச் செத்தான்.

அவர்கள் எப்படி அழிந்தார்கள்?

533இல் பெலிசாரியஸ் ஏறக்குறைய 15,000 வீரர்களோடு வந்து சில மாதங்களில் முடித்துவிட்டார். அதற்குள் வாண்டல்கள் தினமும் குளியல், பட்டு உடை, வேட்டை, நாடகம், தோட்ட விருந்து என்று ஆப்பிரிக்க ரோமர்களைவிடச் சொகுசாகியிருந்தார்களாம். கார்த்தேஜ் அரண்மனையில் வாண்டல் அரசன் கெலிமருக்குச் சமைத்து வைத்திருந்த சாப்பாட்டைப் பெலிசாரியஸ் உட்கார்ந்து சாப்பிட்டார்.

கெலிமர் ஒரு மலையில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்தான். சுற்றி வளைத்த தளபதியிடம் மூன்று பொருட்கள் கேட்டு ஆள் அனுப்பினான்: ஒரு ரொட்டி, ஒரு கடற்பஞ்சு, ஒரு யாழ். ரொட்டியைக் கண்ணால் பார்த்து நாளாயிற்று; அழுதழுது வீங்கிய கண்ணைத் துடைக்கப் பஞ்சு; தன் துயரத்தைப் பாட்டாக எழுதியிருக்கிறான், அதை இசைக்க யாழ். கேட்டது கிடைத்தது. 534இல் சரணடைந்தான், அவனுக்கு இன்றைய துருக்கியில் நிலம் கொடுத்தார்கள். வாண்டல் வீரர்களைக் குதிரைப்படைகளாக்கிப் பாரசீக எல்லைக்கு அனுப்பினார்கள். இனம் கரைந்துபோயிற்று.

வாண்டல் ஒருவர் எப்படி இருந்திருப்பார்? படம் ஏதாவது உண்டா?

கார்த்தேஜில் கிடைத்த தரைச்சித்திரம் ஒன்று உண்டு. ஒரு மாளிகையிலிருந்து குதிரையில் வெளியே கிளம்பும் ஆள்; மேற்சட்டை, கால்சட்டை, குதிரையின் பின்புறத்தில் சிலுவை வடிவில் சூட்டுக்குறி. கையில் வாளும் இல்லை, தீப்பந்தமும் இல்லை. அவர் வாண்டல்தானா, இல்லை உள்ளூர் நிலக்கிழாரா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நேரில் பார்க்க வேண்டுமென்றால் கார்த்தேஜுக்குப் போகாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் தரையோடு பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.